குழந்தை, வளரிளம் பருவ வளர்ச்சி: படித்து முடித்தவளின் மதிப்பீடு

இந்த இளங்கலைப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது கவனிப்புப் பயிற்சி. மழலையர் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். ‘கோபப்பட்டான்’ என்று எழுதினால் பேராசிரியை அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிடுவார். ‘கட்டையைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்’ என்றால்தான் ஏற்பார். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் தண்ணீர்ச் சோதனையையும் நாங்களே செய்தோம். ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களில் ஒரே அளவுத் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் இருப்பதை ஒல்லியான உயர டம்ளருக்குக் கண்ணெதிரே மாற்றினாலும், நாலு வயதுப் பிள்ளை “இதில்தான் நிறைய” என்று அடித்துச் சொல்கிறது. பாடமாகப் படித்திருந்தும் அசந்துபோனேன்.

பதின்பருவத்துக்கு நான் படித்த இடத்தில் ஒரே ஒரு தாள்தான். இது பெரிய குறை. திட்டமிடவும் தன்னை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. பதின்பருவத்தை இப்படி அவசரமாகக் கடக்கலாமா?

சரி, உளவியல் எடுப்பதா, இதை எடுப்பதா? ஆய்வும் புள்ளியியலும் ஈர்த்தால் உளவியல். உடல், மொழி, உணர்வு, குடும்பம் எல்லாவற்றையும் குழந்தையை நடுவில் வைத்துப் பார்க்க ஆசையென்றால் இதுதான். ஆனால் இந்தப் பட்டம் மட்டும் ஒருவரை மருத்துவ உளவியலாளர் ஆக்கிவிடாது. அதற்கு மேற்படிப்பு வேண்டும். ஆசிரியர் தகுதி சேர்ந்தே வருமா என்பதையும் கேளுங்கள். அப்புறம், களப்பயிற்சி எத்தனை மணிநேரம் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.