முழங்கால் பின்புறப் போலி அனியூரிசம்: திறந்த அறுவையா, ஸ்டென்ட்டா?

தொடையெலும்பின் கீழ்முனையில் வளரும் ஆஸ்டியோகாண்ட்ரோமா (குருத்தெலும்பு மூடிய எலும்புக் கட்டி) புற்றுநோய் அல்ல. ஆனால் அதன் கூர்முனை முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பாப்லிட்டியல் தமனியை உரசி உரசித் துளைத்துவிட்டால், வெளியேறும் இரத்தம் தமனிக்கு வெளியே பை போலத் தேங்கிப் போலி அனியூரிசம் ஆகிவிடும். முழங்காலுக்குப் பின்னால் வீக்கம் துடிக்கிறதா? ஊசி குத்தித் திசு எடுக்கவே கூடாது, இரத்தம் பீறிடும். முதலில் டாப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்), பிறகு சிடி ஆஞ்சியோகிராம் (இரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன்).

திறந்த அறுவையில் துளைக்கு மேலும் கீழும் தமனியைக் கிளாம்ப் (இடுக்கி) போட்டு இரத்தத்தை நிறுத்தித் துளையைத் தைப்பார்கள். சுவர் நைந்திருந்தால் காலிலிருந்து எடுத்த சஃபீனஸ் சிரைத் துண்டை வைப்பார்கள். அதே வெட்டில் கட்டியையும் குருத்தெலும்பு மூடியோடு எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

உறையிட்ட ஸ்டென்ட் என்பது தமனிக்குள் செருகித் துளையை உள்ளிருந்து மூடும் கம்பிவலைக் குழாய்; இதற்குப் பெரிய வெட்டு தேவையில்லை. ஆனால் கூர்முனை அங்கேயே இருக்கும். முழங்கால் மடங்க மடங்க ஸ்டென்ட் நெளியும், சிலருக்கு உடையும், அடைபடும். பெரும்பாலும் இளவயதினருக்கே வரும் சிக்கல் இது, சிகிச்சை பல்லாண்டு தாங்க வேண்டும் என்பதால் திறந்த அறுவையே சரி. அறுவையைத் தாங்க முடியாதவருக்கு மட்டும் ஸ்டென்ட்.