காரைக்குடியில் பழைய செவர்லே பிக்கப்பின் கேபினை இறக்கிய அனுபவம்

வெளிநாட்டிலிருந்து லீவில் ஊருக்குப் போகும்போது பழைய வண்டி வேலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கொட்டகைகளில் இன்னும் பழைய வண்டிகள் நிற்கின்றன. இதையெல்லாம் பிரிக்க இங்கே ஆள் கிடையாது, கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோதான் ஏற்றி அனுப்பணும் என்று கோலாலம்பூரிலேயே என்னிடம் பலர் சொன்னார்கள். கேபினை, அதாவது டிரைவர் உட்காரும் கூண்டை, இறக்கும் வேலையைப் பொறுத்தவரை அது சரியில்லை. ஆள் ஊரிலேயே இருக்கிறது, ஆனால் மெக்கானிக் ஷெட்டில் மட்டும் தேடினால் கிடைக்காது.

எங்கள் வண்டி 1951 மாடல் செவர்லே 3100, அரை டன் பிக்கப். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் அசெம்பிளி தொழிற்சாலை திறந்து 1954 வரை நடத்தியது, அந்தக் காலத்து வண்டிகளில் ஒன்று. ஐயா காலத்தில் கல்யாண வீடுகளுக்குப் பாத்திரமும் அரிசி மூட்டையும் ஏற்றிப் போனது. எஞ்சின் இன்னும் சுற்றுகிறது, சேஸிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) பரவாயில்லை. போனது கேபின்தான். கொட்டகை ஓடு ஒழுகி ஒழுகி தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் படி, பின்பக்கத்து இரண்டு மூலை எல்லாம் விரலால் குத்தினால் உதிர்கிற நிலை. அதைச் சேஸிஸில் வைத்துக்கொண்டே ஒட்டுப்போட்டால் கேபினைச் சேஸிஸோடு பிடித்து வைக்கும் மவுண்டுக்கு மேலே இருக்கும் துரு அப்படியே உள்ளே இருக்கும், அதனால் இறக்கியே ஆகணும்.

முதலில் பேசிய பட்டறைக்காரர் வேறு ஊர். மவுண்டையெல்லாம் கேஸ் வைத்து அறுத்துவிட்டுக் கிரேனில் தூக்கிவிடலாம், அரை நாள் வேலை என்றார். இந்த மாடலில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பெட்ரோல் இல்லாத டேங்க்தான் இன்னும் ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும். டேங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் நெருப்பைப் பற்றிப் பேசுகிற ஆளிடம் வண்டியைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அப்புறம் காரைக்குடியில் ஒரு பழைய லாரி மெக்கானிக் கிடைத்தார். வந்தவுடன் போல்ட்டைப் பார்க்கவில்லை, கதவைத்தான் திறந்து மூடிப் பார்த்தார். "கதவு இப்ப சரியா உக்காருதா ஆச்சி? இதை இப்பவே அளந்து வச்சிருவோம். தூக்குனப்புறம் யாராலயும் சொல்ல முடியாது." அந்த ஒரு கேள்விக்காகவே அவரிடம் வேலையை ஒப்படைத்தேன். கீழே துருப்பிடித்த கேபினைத் தூக்கினால் கதவு நிலை கோணிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு நல்ல தகடு போட்டாலும் கதவு சேராது. கதவைச் சுற்றி இருக்கும் இடைவெளியை நாலு பக்கமும் அளந்து, சாக்பீஸால் தகட்டிலேயே எழுதி, போட்டோவும் எடுத்துக்கொண்டோம். டேங்க்கை வெளியே எடுத்து வெகுதூரம் கொண்டுபோய் வைத்த பிறகுதான் வெல்டிங் செட் உள்ளே வந்தது. கதவுகளைக் கழற்றிவிட்டு, நிலை இரண்டிலும் எல்-ஆங்கிளைக் குறுக்காக வைத்து டாக் (சின்னப் புள்ளி வெல்டு) அடித்தார்கள், நிலை கோணாமல் இருக்க.

அவரைத் தேடிப் பிடித்ததற்கு இன்னொரு காரணம், அவரிடம் இஞ்ச் ஸ்பேனர் செட் இருந்தது. இது சின்ன விஷயமில்லை. அமெரிக்க வண்டி என்பதால் போல்ட் எல்லாம் இஞ்ச் அளவு. முக்கால் இஞ்சுக்கு 19 மில்லிமீட்டர் சரியாகவே பொருந்தும், ஆனால் அரை இஞ்ச் போல்ட் தலையில் 13 போட்டால் லூசாக நின்று முனையைத் தின்றுவிடும். துருவேறிய போல்ட்டில் முனை போனால் அடுத்தது அறுப்புதான். இளம் பையன்கள் பலரிடம் மில்லிமீட்டர் செட் மட்டுமே இருக்கிறது, அவர்களைக் குறை சொல்லவில்லை, கேட்டுவிட்டு அழைத்துவாருங்கள்.

பிரிக்கிற வரிசை எளிதுதான், பொறுமைதான் வேண்டும். பானெட், முன் மட்கார்டுகள், ரேடியேட்டர், ஃபுட்போர்டு, முன் கண்ணாடி. ஸ்டீயரிங் வீலைப் புல்லர் வைத்து எடுத்தார்கள், ஏனென்றால் ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் இருக்கிறது, தண்டு கேபின் தரையைத் துளைத்து மேலே வருகிறது. கியர் ராடு, ஸ்பீடோமீட்டர் கேபிள், சோக், ஆக்ஸிலேட்டர், ஹேண்ட் பிரேக், எர்த் வயர், ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாய். இதில் டெம்பரேச்சர் மீட்டரைத்தான் எல்லோரும் கெடுத்துவிடுகிறார்கள். மீட்டர், மெல்லிய குழாய், எஞ்சினுக்குள் போகும் பல்ப் மூன்றும் சேர்ந்து சீல் வைத்த ஒரே பொருள், குழாயை வெட்டினால் மீட்டர் செத்தது. பல்பை எஞ்சின் ஹெட்டிலிருந்து கழற்றி, குழாயை வளையமாகச் சுற்றி டேஷ்போர்டில் கட்டித் தொங்கவிட்டார். வயர் உறையைப் பாதி எலி தின்றிருந்தது, இருந்தும் ஒவ்வொரு நுனிக்கும் டேப் ஒட்டி எண் போடவைத்தேன்.

தூக்குவதற்கு அவரே ஒரு யோசனை சொன்னார்: பழைய வீடு பிரிக்கிறவர்களைக் கூப்பிடுவோம். பர்மாத் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் கீறல் விழாமல் இறக்கி விற்பனைக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். வீடுகள் பிரிக்கப்படுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும், ஆனால் அந்தக் கைகளுக்குத் தெரிந்த தூக்குகிற கலை வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் குழாய்க் கால் நிறுத்தி, மேலே கர்டர் போட்டு, செயின் பிளாக்கை (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கப்பி) மாட்டினார்கள். கதவு நிலை வழியாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இரண்டு சட்டம் நுழைத்து, கூரைத் தகட்டில் பதியாமல் சாக்கு மடித்து வைத்து, பெல்ட் போட்டார்கள். வெளிச்சம் வந்தவுடனே ஆரம்பம், வெயில் ஏறினால் தகட்டில் கை வைக்க முடியாது.

முன்பக்க மவுண்ட் போல்ட்டுகள் முந்தின நாள் ஊற்றிய எண்ணெய்க்கே இளகிவிட்டன. பின்பக்கம் சாக்கிள் (ஆடும் இணைப்புத் துண்டு) மாதிரி தொங்கும் மவுண்ட், அதில் ஒன்று அசையவே இல்லை. ஸ்பேனரை இழுக்காமல், போல்ட் தலையில் சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டி, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று அதை வெளியே எடுக்கக் காலைப் பலகாரம் ஆறிப்போகிற அளவு நேரமானது. அப்புறம் செயினை இழுத்து ஒரு சாண் தூக்கியதும் மேஸ்திரி நிறுத்தச் சொன்னார். முன்பக்கம் கனம், மூக்கு தாழ்கிறது. இறக்கி, சட்டத்தை முன்னே தள்ளி, மறுபடி தூக்கினார்கள். ஸ்டீயரிங் தண்டு தரை ஓட்டையை விட்டு வெளியே வரும்வரை ஒருவர் அதிலேயே கண் வைத்திருந்தார். கேபினை நகர்த்தவேயில்லை, அது தொங்க, டயரில் காற்றடித்து வைத்திருந்த சேஸிஸைக் கீழே தள்ளி வெளியே கொண்டுபோய்விட்டார்கள். பின் பெட்டியை முன்னாலேயே கழற்றியிருந்ததால் எங்கும் உரசவில்லை.

கூலியை நாள் கணக்கில் பேசுங்கள். மொத்தமாகப் பேசினால் துருவேறிய போல்ட்டுக்கு யாரும் நேரம் கொடுக்க மாட்டார்கள், அறுத்துவிடுவார்கள். மவுண்ட் ரப்பரை வெளிநாட்டிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டு எடுத்து வாருங்கள். பழைய டயரை வெட்டிப் போடலாம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள், கேபின் மட்டம் மாறும், கதவு மறுபடி தகராறு செய்யும். கதவுத் தூணில் இருக்கும் சீரியல் நம்பர் தகட்டைப் பிளாஸ்டிங்குக்கு (மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவை எடுப்பது) முன் கழற்றி வீட்டில் வையுங்கள்.

உலோகம் துருப்பிடித்து அரிப்பது பற்றிய ஆராய்ச்சிக்குப் பேர்போன செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இதே காரைக்குடியில்தான் இருக்கிறது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த நிலையம். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற உறவுக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னது, பிளாஸ்டிங் முடிந்த தகட்டை ஒரு ராத்திரிகூட வெறுமனே விடக்கூடாது, அன்றைக்கே பிரைமர் அடித்தாக வேண்டும் என்று. கேபின் இப்போது இரும்பு ஸ்டாண்டில் நிற்கிறது. மழைக்கு முன்னால் பிளாஸ்டிங், பிரைமர், அப்புறம் தரைத் தகடு. குறுக்கு ஆங்கிளை மட்டும் கதவைப் பொருத்திப் பார்க்கும்வரை யாரும் வெட்டக்கூடாது என்று மெக்கானிக் அதன் மேலேயே பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார்.