ஐந்து ரோட்டு ஞாயிறு பங்குச்சந்தை வகுப்பு: யார் போகலாம், யார் வேண்டாம்

பங்குச்சந்தையை அரிச்சுவடியிலிருந்து தெரிந்துகொள்ள நினைக்கிற சேலத்துக்காரர்கள், ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் அறிமுக வகுப்புக்குத் தயங்காமல் போகலாம். முழு நாள் வகுப்பு, கட்டணம் 800 ரூபாய். எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்டுவரப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது. அதை மட்டும் அங்கே சொல்லவே மாட்டார்கள். எனக்கு இந்த வகுப்பு பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அதுதான்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஏலச்சீட்டு, போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி., கொஞ்சம் நகை, இவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சேமிப்பு. தம்பி மட்டும் போனைப் பார்த்துக்கொண்டே நிஃப்டி, சர்க்யூட், ஸ்டாப் லாஸ் என்று பேசுவான். என்னையும் பங்குகளை மின்னணு வடிவில் வைத்துக்கொள்கிற டீமேட் கணக்கு ஒன்று தொடங்கச் சொல்லிக்கொண்டே இருந்தான். பேச்சே புரியாத இடத்தில் பணத்தைப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

பாடம் எடுப்பவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் ஐந்து நிமிடத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நான் செபியில, அதாவது பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற அரசு அமைப்புல, பதிவு பண்ணின ஆலோசகர் இல்லைங்க, பாடம் நடத்துறவன். இதை வாங்குங்க, அதை வில்லுங்கன்னு என் வாயிலிருந்து வராது." திரையில் அவர் காட்டிய விலைகள்கூடப் பழையவைதான். பாடம் மட்டும் நடத்துகிறவர்கள் கடந்த மூன்று மாதத்து விலைகளைக் காட்டிப் பேசக்கூடாது என்று செபி 2025 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டதைச் சொன்னார். "மார்க்கெட் ஓடும்போதே கூடவே இருந்து கற்றுத் தருகிறோம்" என்று டெலிகிராமில் கூப்பிடுகிறவர்களைப் பற்றி எனக்கு இருந்த சந்தேகம் அங்கேயே உறுதியாகிவிட்டது.

காலை நேரப் பாடம்தான் இந்த வகுப்பின் உயிர். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "பத்து ரூபாய்ப் பங்குன்னா சீப்பு, லட்ச ரூபாய்ப் பங்குன்னா பெரிய கம்பெனி, அப்படித்தானுங்களே?" என்று கேட்டார். நானும் அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆசிரியர் பதில் சொல்லாமல் போர்டில் இரண்டு பெயர் எழுதினார்: எம்.ஆர்.எஃப்., ஐ.டி.சி. சென்னையின் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனிப் பங்கு 2023 ஜூனில் முதல்முறையாக ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஆனால் அந்தக் கம்பெனிக்கு மொத்தமே சுமார் 42 லட்சம் பங்குகள்தான். ஐ.டி.சி.க்கோ சுமார் 1,250 கோடிப் பங்குகள். ஒன்றை ஒரு லட்சம் ரூபாய் என்றும் மற்றதை 400 ரூபாய் என்றும் வைத்துப் பெருக்கிப் பார்க்கச் சொன்னார். முதலாவது 42,000 கோடி. இரண்டாவது 5 லட்சம் கோடி. விலையை வைத்து கம்பெனியின் அளவைச் சொல்ல முடியாது, பங்குகளின் எண்ணிக்கையோடு பெருக்கினால்தான் மார்க்கெட் கேப், அதாவது கம்பெனியின் மொத்தச் சந்தை மதிப்பு, வரும் என்பதை எல்லோரும் அவரவர் நோட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டோம்.

அதே எம்.ஆர்.எஃப்.பை வைத்தே, கம்பெனி தன் லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிவிடெண்டையும் விளக்கினார். அந்தக் கம்பெனி இடைக்கால டிவிடெண்டாகப் பல தடவை 30 சதவீதம் அறிவித்திருக்கிறது. பக்கத்தில் இருந்த அக்கா உடனே, லட்ச ரூபாய்க்கு முப்பதாயிரம் என்று கணக்குப் போட்டுவிட்டார். வந்ததோ 3 ரூபாய்! டிவிடெண்ட் சதவீதத்தைச் சந்தை விலையின் மேல் அல்ல, பங்குக்குக் கம்பெனி குறித்திருக்கும் முகமதிப்பின் மேல்தான் கணக்கிடுவார்கள். அந்தப் பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். "50% டிவிடெண்ட், 100% டிவிடெண்ட்" என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் வருவதைப் பார்த்து ஆசைப்படுகிற எல்லோருக்கும் இந்த ஒரு கணக்கைச் சொல்லித் தரவேண்டும். நான் பட்டறையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

கேள்வி கேட்டால் அவர் சலித்துக்கொள்வதில்லை. நம் ஊர் ஸ்டீல் பிளாண்ட் பங்கு எங்கே கிடைக்கும் என்று ஒரு பையன் கேட்டான். சேலம் உருக்காலை தனிக் கம்பெனி இல்லை, செயில் என்ற உருக்கு நிறுவனத்தின் ஒரு பிரிவு. பங்கு வேண்டுமென்றால் செயிலின் பங்கைத்தான் வாங்கமுடியும், அதில் 65 சதவீதம் மத்திய அரசு கையில் இருக்கிறது என்றார். சேலத்து ஆலை நன்றாக ஓடினால் மட்டும் போதாது, செயிலின் பிலாய், பொகாரோ, ரூர்கேலா ஆலைகள் எல்லாம் சேர்ந்த கணக்குதான் அந்தப் பங்கின் கணக்கு. ஏற்காட்டிலிருந்து வந்திருந்த காபித் தோட்டக்காரர், காபிக்கொட்டை விலை ஏறினால் காபி கம்பெனிப் பங்கும் ஏறுமா என்று கேட்டார். கொட்டை விற்கிற உங்களுக்கு அது வரவு, கொட்டை வாங்கித் தூள் விற்கிற கம்பெனிக்கு அது செலவு. அந்தக் கம்பெனி தூள் விலையை ஏற்ற முடிகிறதா என்று பார்க்கவேண்டும் என்று பதில் வந்தது. லாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற வழக்கம் எனக்கு அந்தப் பதிலில்தான் பிடிபட்டது.

வாங்குவோர் கேட்கிற விலைக்கும் விற்போர் சொல்கிற விலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அவர் எங்கள் தொழிலை வைத்தே சொன்னார்: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வாங்கும்போது ஒரு விலை, அதே கடையில் உடனே திருப்பிக் கொடுத்தால் வேறு விலை. அதிகம் கைமாறாத சின்னக் கம்பெனிப் பங்குகளில் இந்த இடைவெளி பெரிதாக இருக்கும். அங்கே விலை குறிக்காமல், கிடைக்கிற விலைக்கு முடிக்கச் சொல்லும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் நினைக்காத விலைக்கு முடிந்துவிடும். லிமிட் ஆர்டரில் நாம் சொன்ன விலைக்கோ அதைவிட நல்ல விலைக்கோதான் நடக்கும், நடக்காமலும் போகலாம்.

டீமேட் பற்றி அவர் சொன்னதும் மிகவும் உதவியது. பங்குகள் புரோக்கரிடம் இருப்பதில்லை, 1996இல் வந்த என்.எஸ்.டி.எல்., 1999இல் வந்த சி.டி.எஸ்.எல். ஆகிய இரண்டு டெபாசிட்டரிகளில் (பங்குகளை மின்னணு வடிவில் பாதுகாக்கும் நிறுவனங்களில்) ஒன்றில் நம் பெயரில் இருக்கும். அவர்களே நமக்கு நேரடியாகக் கணக்கு விவரம் அனுப்புவார்கள், அதை மாதம் தவறாமல் பார்க்கவேண்டும். கையிருப்பு 4 லட்சம் ரூபாய்க்குள் இருக்கிற சிறு முதலீட்டாளர் அடிப்படைச் சேவைக் கணக்கு வைத்துக்கொண்டால் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. பாஸ்வேர்டு, ஓ.டி.பி., பங்கை விற்க ஒப்புதல் தரும் ரகசிய எண்ணான டிபின் மூன்றையும் புரோக்கர் ஆபீஸ் ஆளாகவே இருந்தாலும் கொடுக்கக்கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இடைவேளையில் டீயும் தட்டுவடை செட்டும் கொடுத்தார்கள். காரச் சட்னி தாராளம்.

அதற்கப்புறம் ஆப்ஷன், அதாவது குறித்த விலைக்குப் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம். நாலைந்து இளைஞர்கள் அதைக் கற்கத்தான் வந்திருந்தார்கள் போல. ஆசிரியர் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைத் திரையில் போட்டார். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். "இதை இங்கே சொல்லித் தரமாட்டேன்" என்று முடித்துவிட்டார். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். பணம் கொடுத்து வந்தவர்கள் கேட்பதைக் கொடுத்து அடுத்த வகுப்புக்கும் பிடித்துப்போடுவது எளிது. அதைச் செய்யாத ஒருவரை நம் ஊரில் பார்த்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

இனி குறைகள். வரியும் செலவும் பற்றிய பாடத்தைக் கடைசி இருபது நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள். இது சரியில்லை. டெலிவரியில் (அன்றே முடித்துவிடாமல் பங்கை நம் கணக்கில் எடுத்து வைப்பது) வாங்கினாலும் விற்றாலும் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், அதாவது லட்சத்துக்கு 100 ரூபாய். வாங்கும்போது முத்திரைத் தீர்வை லட்சத்துக்கு 15 ரூபாய். இதற்குமேல் புரோக்கர் கட்டணம், ஜி.எஸ்.டி. பன்னிரண்டு மாதத்துக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீத வரி; அதற்குப் பிறகு விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இதுதான் நடைமுறை. அடிக்கடி வாங்கி விற்கிறவருக்கு இந்தச் சில்லறைகள் எவ்வளவு சேரும் என்று ஒரு முழு உதாரணம் போட்டுக் காட்டியிருந்தால் தம்பி மாதிரி ஆட்களுக்குப் புரிந்திருக்கும்.

அப்புறம், பேச்செல்லாம் நல்ல தமிழில் இருக்க, கையில் கொடுத்த பிரதி முழுக்க ஆங்கிலத்தில். ஆத்தூரிலிருந்து வந்த ஜவுளிக்கடை அம்மா அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். தமிழில் நான்கு பக்கம் அடிக்க எவ்வளவு செலவாகிவிடும்? கருத்துத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

லிஃப்ட் கிடையாது, மாடிப்படி செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பெண்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள், தனியாகப் போகத் தயக்கம் வேண்டாம். டீமேட் கணக்கு தொடங்குவதற்கு முன்பே போய்விட்டு வருவது நல்லது. வகுப்பு முடிந்ததும் அங்கேயே கணக்குத் தொடங்கச் சொல்லி யாரும் படிவம் நீட்டுவதில்லை. நோட்டும் பேனாவும் கொண்டு போங்கள், கணக்கெல்லாம் கையால்தான் போடவைப்பார்.