தலைப்புக்காக அலைகிறவர்களுக்கு: காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடி

எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது, கையில் ஒன்றும் இல்லை. வேறு ஓர் இடத்தில் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு 15 தலைப்பு அடித்த தாளை நீட்டினார்கள், வேண்டுமானால் எழுதியும் தருகிறோம் என்றார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்புறம்தான் சீனியர் அக்கா ஒருவர் இந்த மாடியைச் சொன்னார். கல்லூரிச் சாலைப் பக்கம், கீழே ஜெராக்ஸ் கடை, மேலே சனிக்கிழமை மாலைகளில் ஓய்வு பெற்ற நூலகர் அம்மா ஒருவர் உட்கார்ந்து, ஆய்வுத் தலைப்பு அமைக்க வழி சொல்கிறார்.

நான் கொண்டுபோன தலைப்பு ‘செட்டிநாட்டுப் பண்பாடு – ஓர் ஆய்வு’. அம்மா அதை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதி, ‘செட்டிநாட்டு’ என்ற சொல்லின் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு, “சிவகங்கை, புதுக்கோட்டைன்னு ரெண்டு மாவட்டம், 70க்கு மேல ஊரு. மார்ச்சுக்குள்ள எத்தனை ஊருக்கு பஸ் ஏறுவ ஆத்தா?” என்று கேட்டார். மூன்று என்றேன். சொல்லை அடித்துவிட்டார். வீடுகளைப் பற்றி எழுதட்டுமா என்றதற்கு, பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, கல்யாணத்துக்கும் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும்தான் திறப்பார்கள், சாவி உன் கையில் இருக்கிறதா என்றார். பழைய பத்திரிகைகள் என்றேன். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்தவை எல்லாம் இப்போது சென்னையில் நூலகமாக இருக்கின்றன, போய்த் தங்கிப் படிக்கும் செலவையும் தலைப்போடு சேர்த்துக் கணக்குப் போடு என்றார். யாரும் எனக்கு இப்படிச் சொன்னதே இல்லை. ஆய்வு என்றால் அறிவு சம்பந்தப்பட்டது என்றுதான் நினைத்திருந்தேன், அதில் பஸ் நேரமும் சாவியும் வரும் என்று தெரியாது.

“சரி, உனக்கு எந்த வாசல் திறந்திருக்கு?” என்று கேட்டார். மாமா ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது பூப்போட்ட தரைக்கல், செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன், அது ஆய்வுக்கு ஆகும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். ஒரே ஒரு நாள் போய் உட்கார், தலைப்பைப் பற்றிப் பேசாதே, அவர்கள் புழங்கும் சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு வா, 30 சொல் தேறாவிட்டால் வேறு பார்க்கலாம் என்று அனுப்பினார்.

போனேன். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, அறை அறையாகச் சாயக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு அழுத்துகிறார்கள். சூளை கிடையாது, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊறவைக்கிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுப்பது. ஒரே பூ அச்சுக்கு இந்தப் பட்டறையில் ஒரு பேர், நாலு வீடு தள்ளி வேறு பேர். சாயங்காலத்துக்குள் 52 சொல்.

அடுத்த சனிக்கிழமை, இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா இணையதளத்தைத் திறந்து என்னோடு சேர்ந்து தேடினார். இதே பொருளில் முனைவர் பட்ட ஆய்வு இருந்தால் பயப்படாதே, அதன் முடிவுரையில் மேலாய்வுக்கு என்ன விட்டிருக்கிறார்கள் என்று பார் என்றார். கடைசியில் கேள்விக்குறியோடு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். ‘அச்சுகளின் பெயர்கள் பட்டறைக்குப் பட்டறை ஏன் மாறுகின்றன?’ நாலு முறை எழுதிய பிறகுதான் சரி என்றார். தலைப்பு: ‘ஆத்தங்குடிப் பூக்கல் தொழிற்சொற்கள்: மூன்று பட்டறைகளை முன்வைத்து’. நெறியாளர் ஒரு சொல்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

குறையும் சொல்ல வேண்டும். காத்திருப்பு அதிகம், நான் முதல் நாள் இரண்டு மணி நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். போனில் ஆலோசனை கிடையாது. வேதியியல் மாணவர் ஒருவரிடம், இது எனக்குத் தெரியாது, உங்கள் துறையிலேயே கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார், அறிவியல்காரர்களுக்கு அந்த இடம் உதவாது. தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் படிப்பவர்கள் தாராளமாகப் போகலாம். எனக்கு முன்னால் இருந்த பெண் தன் வீட்டு இசைகுடிமானங்களை, அதாவது நகரத்தார் கல்யாணத்தில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத் தாள்களை, துணிப்பையில் கொண்டுவந்திருந்தாள், அவளுக்கு அரை மணியில் தலைப்பு அமைந்துவிட்டது.

ஓர் அமர்வுக்கு 200 ரூபாய், இரண்டாவது தடவைக்கு வாங்கவில்லை. நாலு மணிக்குத் திறக்கிறார்கள், மூன்றரைக்கே போய்விடுங்கள். ஊரில் யாரைத் தெரியும், எந்த வீட்டில் என்ன தாள் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.