‘லிவருக்கு ஒன்றும் ஆகாத வலி மருந்து’ என்று விற்றால் வாங்காதீர்கள்

தீராத மூட்டுவலி, முதுகுவலியோடு கல்லீரல் சுருங்கும் சிரோசிஸ் நோயும் இருப்பவர்களைக் குறிவைத்தே விற்கப்படும் சரக்கு ஒன்று உண்டு: என்ன கலந்திருக்கிறது என்று எங்கும் எழுதாத டப்பாவில் வரும் கேப்சூல். ‘முழுக்க மூலிகை, லிவரைத் தொடாது’ என்பார்கள். பல வருட வலி முதல் நாளே அடங்கிவிடும். அப்போதே சந்தேகப்பட வேண்டும். இப்படி விற்றவற்றைச் சோதித்ததில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் பலமுறை பிடிபட்டிருக்கின்றன.

கல்லீரல் சுருங்கிய உடம்பில் சிறுநீரகத்துக்கு ரத்தம் போய்க்கொண்டிருப்பதற்கு ப்ராஸ்டகிளாண்டின் என்ற, உடம்பே சுரக்கும் பொருள் தேவை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸென் மூன்றும் அதைத்தான் குறைக்கின்றன. சிறுநீர் குறையும், கால் வீங்கும், வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், நீர் பிரியத் தரும் மாத்திரை எடுபடாது. உணவுக்குழாயில் நாளம் புடைத்திருந்தால் ரத்த வாந்தி வரை போகும். ஊசியாகப் போட்டால் பரவாயில்லை என்பதும் பொய். சிறுநீரகத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தசை கரைந்தவர்களுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) இயல்பாகவே குறைவாக இருக்கும். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருந்தாலும் முந்தைய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். ஸ்டீராய்டு திடீரென நின்றால் ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியும் கடும் சோர்வும் வரலாம். தொடர்வதும் ஆபத்து. அன்றே டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். மீதிக் கேப்சூலையும் பில்லையும் தூக்கிப்போட வேண்டாம். புகார் கொடுக்க அவைதான் சாட்சி.

மருந்துக் கடையில் நடப்பது வேறு விதம். ‘லிவர் பேஷன்ட்டா? பாராசிட்டமால் கூடாது, இதைப் போடுங்கள்’ என்று டைக்ளோஃபெனாக் வகையைச் சேர்ந்த அசெக்ளோஃபெனாக்கை நீட்டுவார்கள். நிலைமை நேர்தலைகீழ். பெரும்பாலான சிரோசிஸ் நோயாளிகளுக்கு மருத்துவர்கள் முதலில் தருவதே பாராசிட்டமால்தான், நாளொன்றுக்கு 2 கிராமுக்குள். குடிப்பழக்கமோ உடல் மெலிவோ இருந்தால் இன்னும் குறைப்பார்கள். கணக்கு தப்புவது கூட்டு மாத்திரைகளில்தான். 650 மி.கி. மூன்று போட்டாலே 1950. அதன்மேல் 500 மி.கி. பாராசிட்டமால் உள்ள சளி மாத்திரை ஒன்று சேர்ந்தால் 2450. டிரமடால் என்ற கடும் வலி மருந்தின் கூட்டு மாத்திரையிலும் 325 மி.கி. பாராசிட்டமால் இருக்கும். அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்காமல் எதையும் விழுங்காதீர்கள்.

டிரமடால், அதே வகையான கோடீன் தருபவர்கள் மலச்சிக்கலைப் பற்றிப் பேசுவதே இல்லை. மலம் தங்கினால் அம்மோனியா ஏறிப் புத்தி குழம்பும். மலம் இளக்கும் லாக்டுலோஸ் மருந்து எடுப்பவர்களுக்குத் தினம் இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும். நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் கல்லீரல் வழியே போகாது, ஆனால் சிறுநீரகம் பழுதானால் உடம்பில் தேங்கி மயக்கும். அளவைக் குறைத்தே தர வேண்டும். அதே வலிக்கு டுலோக்செட்டின் எழுதிக் கொடுத்தால் கல்லீரல் நோய் இருப்பதைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள்.

கறுப்பு மலம், ரத்த வாந்தி, பகலில் தூங்கி இரவில் விழித்திருத்தல், பேச்சுத் தடுமாற்றம், சிறுநீர் குறைதல்: எது தெரிந்தாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.