டார்போல்டன் ரீலும் மைக்கேல் கோல்மனின் இரட்டைக் குறுந்தகடும்

அயர்லாந்து மரபிசைக் கூடுகைகளில் ஒருவர் வயலினில் 'டார்போல்டன்' என்ற ரீலை, அதாவது விரைவான ஆட்ட மெட்டைத் தொடங்கிவிட்டால், அடுத்து 'லாங்ஃபோர்ட் கலெக்டர்', அதன்பின் 'செய்லர்ஸ் பானட்' என்று உடன் வாசிப்பவர்கள் தாமாகவே தயாராகிவிடுவார்கள். இந்த வரிசையை நிலைநிறுத்தியது, 1934இல் அயர்லாந்து வயலின் கலைஞர் மைக்கேல் கோல்மன் நியூயார்க்கில் பதிவுசெய்த இசைத்தட்டின் ஒரே ஒரு பக்கம். அதைக் கேட்க விரும்புவோருக்கு, கேல் லின், விவா வோச்சே நிறுவனங்கள் 1992இல் வெளியிட்ட 'மைக்கேல் கோல்மன் 1891–1945' என்ற இரட்டைக் குறுந்தகட்டைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

டார்போல்டன் என்பது ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் உள்ள ஒரு கிராமம். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1781இல் ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ சங்கத்தில் சேர்ந்தது அங்கேதான். மெட்டும் ஸ்காட்லாந்துக்கு உரியதே; அங்கே அதற்கு 'டார்போல்டன் லாட்ஜ்' என்று பெயர் (ஃப்ரீமேசன் சங்கக் கிளையை 'லாட்ஜ்' என்பார்கள்). ரீல் என்ற ஆட்ட இசை வடிவமே 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்துக்குப் பரவியதுதான். அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் கில்லாவிலுக்கு அருகே 1891இல் பிறந்த கோல்மன், 1914இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1921 முதல் 1936 வரை பதிவுசெய்த தட்டுகள் கடல் கடந்து சொந்த நாட்டுக்குத் திரும்பியபோது, வேறு மாவட்டத்துக் கலைஞர்களும் தத்தம் ஊர்ப்பாணியை விட்டு ஸ்லைகோ பாணியைப் பின்பற்றத் தொடங்கினர். உள்ளூர்ப் பாணிகள் சில இதனால் மங்கிப்போனதை இழப்பாகவே கருதுகிறேன். ஆனால் அந்த வாசிப்பின் கவர்ச்சி எப்படிப்பட்டது என்பது கேட்டவுடன் விளங்கிவிடும்.

மூன்று நிமிட அளவேயுள்ள பதிவில் மூன்று ரீல்கள். சோகச் சாயல் தரும் மைனர் சுரவரிசையை ஒட்டிய டார்போல்டனிலிருந்து, தெளிவாக ஒலிக்கும் மேஜர் சுரவரிசையில் அமைந்த லாங்ஃபோர்ட் கலெக்டருக்குள் இடைவெளியே இல்லாமல் நுழையும் இடத்தில் இசை சட்டென்று ஒளி பெறுகிறது. நீண்ட சுரம் வரும்போதெல்லாம் அதன் மேல் சுரத்தையும் கீழ் சுரத்தையும் விரலால் நொடியில் தொட்டு மீள்கிறார். அந்தத் தொடுகைகள் எதுவும் தாளத்தின் ஓட்டத்தைத் தடுக்கவில்லை. எட்டு தாளக் கட்டங்களால் ஆன பகுதியை மறுமுறை வாசிக்கையில் வில்லின் இழுப்பையோ ஓரிரு சுரங்களையோ சற்றே மாற்றிவிடுகிறார். ரீல் கற்பவர்கள் இந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு பயில வேண்டும் என்பேன்.

குறை என்றால் பக்கவாத்தியம்தான். பல பதிவுகளில் பியானோ மெட்டின் போக்கை அறியாமல் பொருந்தாத ஸ்வரக்கூட்டங்களை முழக்குகிறது. பழைய தட்டுகளுக்கே உரிய கரகரப்பும் முழுதாக நீங்கவில்லை. ஆயினும் ஹாரி பிராட்ஷா எழுதிய விரிவான கையேடு கோல்மனின் வாழ்க்கையையும் காலத்தையும் அக்கறையோடு விளக்குவதால், அதைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது. இதே காலத்தில் நியூயார்க்கில் பதிவுசெய்த ஸ்லைகோக்காரர்களான ஜேம்ஸ் மாரிசன், பேடி கில்லோரன் ஆகியோரின் பதிவுகளை அடுத்து வாங்கினால், கோல்மனுக்கே உரிய தனித்தன்மை எது, ஊர்ப்பாணி எது என்று பிரித்தறியலாம்.