ஏழு பாகை அகலக்கோட்டில் முதல் தொலைகாட்டி

கொழும்பில் முதல் தொலைகாட்டி வாங்க எண்ணுபவர் முன் பெரும்பாலும் நான்கு தெரிவுகள் வந்து நிற்கும்: வில்லையால் ஒளியைக் குவிக்கும் 70 மில்லிமீற்றர் முறிவுத் தொலைகாட்டி, மத்தியகோட்டுத் தாங்கியில் பூட்டிய ஆடியால் ஒளியைக் குவிக்கும் 114 மில்லிமீற்றர் தெறிப்புத் தொலைகாட்டி, மேசையில் வைக்கும் 130 மில்லிமீற்றர் டொப்சோனியன் (மேலும் கீழும், பக்கவாட்டிலும் கையால் திருப்பும் எளிய தளத்தில் அமைந்த தெறிப்புத் தொலைகாட்டி), தரையில் நிற்கும் 150 மில்லிமீற்றர் டொப்சோனியன். பெட்டிகளில் அச்சிடப்படும் 525 மடங்கு போன்ற உருப்பெருக்கங்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒளி புகும் துவாரத்தின் விட்டத்தை (மேலே ஒவ்வொன்றுக்கும் தந்த எண்) மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதே, நல்ல வானிலையிலும் பயன்தரும் உச்ச வரம்பு.

இவற்றுள் மத்தியகோட்டுத் தாங்கியை முதலிலேயே விலக்கிவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் ஓர் அச்சை வான்துருவத்தை, அதாவது வானம் சுற்றுவதாகத் தோன்றும் மையப் புள்ளியை, நோக்கித் திருப்பி வைத்தால்தான், ஒரே கைப்பிடியைச் சுழற்றி நட்சத்திரத்தைத் தொடர முடியும். ஏழு பாகை அகலக்கோட்டிலுள்ள கொழும்பிலோ, அந்தப் புள்ளியைக் காட்டும் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 7 பாகை உயரத்திலேயே இருப்பதால், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அது கட்டடங்களுக்கும் புகாருக்கும் பின்னால் மறைந்துவிடுகிறது. அச்சும் கிட்டத்தட்டப் படுத்த நிலைக்கு வரவேண்டியிருப்பதால், மலிவான தாங்கிகள் பலவற்றில் எதிர்நிறைத் தண்டு முக்காலியின் காலில் முட்டும். உயர் அகலக்கோட்டு நாடுகளில் எழுதப்படும் பரிந்துரைகள் இந்தச் சிக்கலைக் கணக்கில் எடுப்பதில்லை.

எஞ்சியவற்றில் உண்மையான போட்டி 70க்கும் 130க்கும் இடையில்தான். 130 மில்லிமீற்றர் ஆடி ஏறத்தாழ மூன்றரை மடங்கு ஒளியைத் திரட்டுவதோடு, நுண்விபரங்களையும் இருமடங்கு அளவுக்குப் பிரித்துக் காட்டுகிறது. 70 மில்லிமீற்றரில் சனியின் வளையமும் வியாழனின் இரு பட்டிகளும் நான்கு நிலவுகளும் தெரியும். வளையத்துக்கு நடுவேயுள்ள கசினி இடைவெளியை நம்பிக்கையோடு தேட 130 வேண்டும். ஆயினும் தொடர்மாடியில் வசிப்பவருக்கு இந்தக் கணக்கு மாறக்கூடும். மேசை டொப்சோனியனின் குழாய் தாழ்வாக இருப்பதால், உறுதியான உயரமான முக்காலிப் பலகை இல்லாவிட்டால் பல்கனிச் சுவர் பாதி வானை மறைத்துவிடும்; முறிவுத் தொலைகாட்டியோ தன் முக்காலியில் சுவருக்கு மேலே எழுந்து நிற்கும். அதில் ஆடிகளை நேர்ப்படுத்தும் வேலையும் இல்லை. அதன் குறை, விலை குறைந்த முக்காலியின் நடுக்கம். கடற்காற்று வீசும் மாலையில் 100 மடங்கில் சந்திரன் ஆடிக்கொண்டே இருக்கும்.

இங்கே கோள்கள் உச்சிக்கு மிக அருகே, ஏறத்தாழ 60 பாகைக்கு மேலாகவே, கடந்து செல்கின்றன. வளிமண்டலத்தின் மெல்லிய பகுதியூடாக அவற்றைப் பார்க்கக் கிடைப்பது பெரும் பேறு. ஆனால் மேல்மாடிக்காரரின் தளம் கூரையாக நிற்கும் பல்கனியிலிருந்து அந்த உச்சி தெரியாது. ஆகவே மேற்கு நோக்கிய பல்கனி மட்டுமே உடையவர், கடலுக்கு மேல் இறங்கும் கோள்களோடு திருப்தியடைய முடியுமானால் 70ஐ வாங்கலாம். மொட்டைமாடிக்கு ஏறிச்செல்ல வழியுள்ள ஏனைய எல்லோருக்கும் நான் 130ஐயே பரிந்துரைப்பேன். நேர் உச்சியில் டொப்சோனியனைத் திருப்புவது சற்றுச் சிரமம்; அரைமணி நேரம் பொறுத்தால் கோள் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடும்.

150 மில்லிமீற்றர் ஒளியில் மேலும் மூன்றிலொரு பங்கு கூடுதலாகத் தரும். ஆனால் 1200 மில்லிமீற்றர் குவியத்தூரமும் ஏறத்தாழ அதே நீளமும் உள்ள அந்தக் குழாயையும் அடித்தளத்தையும் மாடிப்படியில் தனியாகச் சுமப்பது கடினம். நகர வெளிச்சத்தின் கீழ் தொலைவிலுள்ள மங்கலான விண்மீன் மண்டலங்களை (galaxies) எந்த ஆடியாலும் மீட்க முடியாது. சொந்த முற்றமும், இருண்ட ஊருக்குக் கொண்டுசெல்ல வாகனமும் உள்ளவருக்கே அது பொருந்தும். அப்படிப்பட்டவர் சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே ஏறத்தாழ 35 பாகை உயரத்தில் வரும் ஒமேகா சென்டோரி என்னும் கோள வடிவ விண்மீன் கொத்தை அதில் காண வேண்டும்: மங்கலான பஞ்சுத்திட்டாக அன்றி, ஓரமெங்கும் தனித்தனி விண்மீன்களாகச் சிதறும் கொத்தாக அது விரியும்.